தங்கள் கூப்பன் தள்ளுபடி செய்யப்பட்டது

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நான் சுகம். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறாயா, உன் கம்ப்யூட்டர் வேலை முடிந்த நேரத்துக்கு விடுகிறாயா? அம்மா, இதை அவன் உனக்கு வாசித்துக்கொண்டிருப்பான் என்று தெரியும். இந்த இடத்தில் அவன் குரல் இறங்கினால் எனக்கு எழுதச் சொல்.

கடை ஓடுகிறது. ஓடுகிறது என்றால் நடக்கிறது. நீ செய்து கொடுத்த இணையக் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். தலையணைகளைப் பார்க்கிறார்கள். மல்லாந்து படுப்பவரா, ஒருக்களித்தா, குப்புறவா என்று நாம் கேட்கிற கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதுகிறார்கள். ஒருக்களித்து என்றால் எந்தப் பக்கம் என்பதையும் சொல்கிறார்கள். பிறகு பணம் கட்டும் பக்கம் வந்ததும் காணாமல் போகிறார்கள். இந்த ஊரில் பாதிப் பேர் எப்படித் தூங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் என் தலையணையில் தூங்கவில்லை என்பதுதான் குறை.

பஞ்சு கொண்டுவருகிறவர் ஒரு யோசனை சொன்னார். "பணம் கட்டுற இடத்துல தள்ளுபடின்னு ஒரு பெட்டி வைம்மா. பேரம் பேசின மாதிரி ஒரு திருப்தி. பேசாமலே." அதை நீ வைத்துக் கொடுக்க வேண்டும்.

உன் அத்தான் வேலையாக வெளியூர் போயிருக்கிறார். அதனால் கடிதத்தின் அடியில் அவர் வழக்கமாக எழுதும் இரண்டு வரி இந்தத் தடவை இல்லை. அம்மா தேட வேண்டாம்.

இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
அக்கா

---

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இரண்டு பேரும் நலம். சொட்டு மருந்து விஷயத்தில் என் குரல் இறங்கவில்லை என்று அம்மா சான்றளிக்கிறாள். அடுத்த மாதம் கண்ணில் அறுவை சிகிச்சை. அதற்கு முன்னும் பின்னும் அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா அன்றிலிருந்து தொலைக்காட்சித் தொடர் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். மருத்துவம் இவ்வளவு நல்லது செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நடைமுறை மாறவில்லை. உன் கடிதத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். என் பதிலையும் அனுப்பும் முன் வாசித்துக் காட்ட வேண்டும். போனில் பேசலாமே என்றால், "பேசினது காத்தோட போயிடும். எழுதினதுன்னா மறுபடி கேக்கலாம்" என்கிறாள். பழைய அரசாங்கங்கள் தோற்றுப்போன தணிக்கை முறை நம் வீட்டில் நன்றாக வேலை செய்கிறது.

தள்ளுபடி பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: முதலில் விலையை ஏற்ற வேண்டும். ஏற்றாமல் குறைப்பதற்கு வியாபாரத்தில் தள்ளுபடி என்று பெயர் இல்லை, நஷ்டம் என்று பெயர். நீ ஏற்ற மாட்டாய் என்று தெரியும். ஆகவே பத்தில் ஒரு பங்கு மட்டும் குறையும்படி வைத்திருக்கிறேன். "தூக்கம்" என்பது கூப்பன் சொல். அதைப் பெட்டியில் எழுதினால் விலை குறையும், நல்ல தமிழில் ஒரு செய்தியும் வரும். எல்லாமே நானே யோசித்து எழுதிய வாசகங்கள்.

அத்தான் திரும்பியதும் இரண்டு வரி போடச் சொல். அம்மா தேடத்தான் செய்கிறாள்.

தம்பி

---

பிப்ரவரி 26

பண்டிதருக்கு,

நலம், நலம் அறிய ஆவல்.

உன் நல்ல தமிழ் என் வியாபாரத்தை முடித்து வைத்தது. சரியான கூப்பனைப் போட்டால் என்ன செய்தி வருகிறது என்று நீயே ஒரு தடவை போய்ப் பார். "தங்கள் கூப்பன் தள்ளுபடி செய்யப்பட்டது" என்று வருகிறது. பார்த்தவர்கள் எல்லாம் கூப்பன் செல்லாது போலிருக்கிறது என்று போய்விட்டார்கள். விலை குறைந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

ஒரே ஒருவர் போன் செய்தார். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். "பாதி ஆயுசு இந்த வார்த்தையத்தாம்மா அடிச்சுக்கிட்டு இருந்தேன். 'மனு தள்ளுபடி செய்யப்பட்டது.' அடிச்சுக் குடுத்தா வெளியில யாராவது ஒருத்தர் அழுவாங்க. என் கூப்பன் என்னம்மா தப்பு பண்ணிச்சு?" என்றார்.

சிரித்துவிட்டேன். பிறகு அவரிடம் அந்த வார்த்தையைப் பற்றி இன்னும் சில கேள்விகள் கேட்டேன். மனு எப்போது தள்ளுபடி ஆகும், யார் என்ன சொன்னால் ஆகும் என்று. தலையணைக் கடைக்காரிக்கு அது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர். மல்லாந்து படுப்பவர்.

செய்தியை மாற்று. உன் அத்தானுக்கு வேலை இன்னும் முடியவில்லை.

அக்கா

---

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. தலைகுனிந்து எழுதுகிறேன். ஒரே சொல் கடையில் கொடுப்பதற்கும் நீதிமன்றத்தில் மறுப்பதற்கும் பயன்படுகிறது என்பதை மொழி படித்து, கம்ப்யூட்டருக்குத் தமிழ் வாசகம் எழுதிப் பிழைக்கிற நான் கவனித்திருக்க வேண்டும். செய்தியை மாற்றிவிட்டேன். இப்போது "விலை குறைந்தது" என்று மட்டும் வரும். அழகில்லை. ஆனால் யாரும் அழ மாட்டார்கள்.

அம்மாவுக்கும் கடை நடத்தும் ஆர்வம் வந்துவிட்டது. அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "ஜோடியா வாங்கினா குறைச்சுக் குடுக்கச் சொல்லு. ஒத்தைத் தலையணை யாரு வாங்குவா?" வியாபார நோக்கில் பார்த்தால் நல்ல யோசனை. இதற்குக் கூப்பன் சொல்கூட வேண்டாம். கூடையில் இரண்டு விழுந்ததும் விலை தானாகக் குறையும்படி செய்யலாம். சரியென்றால் சொல்.

அப்படி என்ன வெளியூர் வேலை அத்தானுக்கு? அம்மா கேட்கிறாள். நானும்தான்.

தம்பி

---

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம். அம்மாவின் கண் கட்டை அவிழ்த்துவிட்டார்களா? வெளிச்சம் கூசுகிறதா?

ஒற்றைத் தலையணை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல். இருந்தாலும் ஜோடித் தள்ளுபடியைப் போட்டுவிடு. அம்மா சொல்லி நான் எதை மறுத்திருக்கிறேன்?

அம்மா, இன்னொரு செய்தி. பெரிய தள்ளுபடி ஒன்றுக்காக மேலிடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் பக்கத்து நியாயத்தையெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஜூன் மாதம் தெரியும் என்கிறார்கள். அந்தத் தள்ளுபடி மட்டும் ஆகிவிட்டால் வீடு பழையபடி ஆகிவிடும். நீ வேண்டிக்கொள்.

போன கடிதத்தில் கேட்டதற்குப் பதில்: உன் அத்தான் நன்றாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

அக்கா

---

ஏப்ரல் 12, அலுவலகத்திலிருந்து

அக்கா,

இதை அம்மா கேட்க மாட்டாள். நீயும் பதிலை அலுவலக முகவரிக்கே எழுது.

உன் கடிதத்தை நேற்று உரக்க வாசித்துக்கொண்டிருந்தபோது பாதியில் எனக்குப் புரிந்தது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்பாள். அந்தப் பத்தியை வழக்கம் போல இரண்டாம் தடவையும் வாசித்தேன். "பஞ்சு விக்கிற பெரிய கம்பெனியில கேட்டிருக்கா போலிருக்கு. குடுக்கட்டும்" என்றாள் அம்மா.

கட்டிய கணவன் நன்றாக இருக்கிறார் என்று ஒருத்தி "கேள்விப்பட்டேன்" என எழுதினால், அவளுடைய தம்பி எவ்வளவு மக்காக இருந்தாலும் அவனுக்கு உறைக்கும். விவாகரத்துக்கு மனு போட்டிருக்கிறாரா? எப்போதிலிருந்து வீட்டில் இல்லை? எனக்கு ஏன் சொல்லவில்லை?

தம்பி

---

ஏப்ரல் 19

தம்பிக்கு,

ஜனவரியிலிருந்து இல்லை. மனு பிப்ரவரியில் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நல்ல செய்தியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சண்டை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சமாதானம் பேச ஒரு இடமாவது கிடைத்திருக்கும். ஒருநாள் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "ஊர்ல இருக்கவன் எல்லாரும் எப்படித் தூங்கறான்னு கேட்டு எழுதி வச்சிருக்கே. பக்கத்துல ஒருத்தன் தூங்காமக் கிடந்தானே, அது தெரியல." நான் அப்போது உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கலாம். வரிசை முடியட்டும் என்று இருந்தேன். முடிந்து பார்த்தால் படியிறங்கியிருந்தார்.

வேறு யாரும் இல்லை என்கிறார். நீதிபதி கேட்டபோதும் அதையே சொன்னார். நான் நம்புகிறேன். அதை வைத்துத்தான் மனுவை எதிர்க்கிறேன். யாரும் இல்லை என்றால் அவர் போன இடம் வெறும் இடம்தானே? வெறும் இடத்தில் ஒரு மனிதர் எத்தனை நாள் இருப்பார்? மனு தள்ளுபடி ஆனால் ஒரு சாக்குக் கிடைக்கும், திரும்பி வருவார். அவருக்குச் சாக்குத்தான் வேண்டும். எனக்கு அவர் வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

உனக்குச் சொல்லாததற்குக் காரணம் நீ நல்ல வாசகன் என்பது. எதை வாசித்தாலும் உன் குரலில் தெரிந்துவிடும். அம்மாவுக்கு அவர் மாப்பிள்ளை இல்லை, பெறாத பிள்ளை. கண் ஆறும்வரை சொல்லாதே.

அக்கா

---

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். கட்டு அவிழ்த்தாயிற்று. ஒரு கண்ணில் ஆள் உருவம் தெரிகிறது. எழுத்துத் தெரிய இன்னும் நாளாகும் என்கிறார் டாக்டர். எனவே என் உத்தியோகம் தொடர்கிறது.

ஜோடித் தள்ளுபடி தயார். இரண்டு தலையணை எடுத்தால், "இணைபிரியாத இருவருக்கு எங்கள் அன்பளிப்பு" என்று செய்தி வரும். வாசகம் அம்மாவுடையது. மாற்றலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

உன் பெரிய தள்ளுபடிக்காக அம்மா தினமும் வேண்டிக்கொள்கிறாள். எழுதச் சொன்னது இது: "ஒரு தடவை முடியாதுன்னா விட்டுட்டு வந்துடாதே. உக்காந்து கேளு. உன் முகத்தைப் பார்த்துட்டு யாரும் இல்லேன்னு சொல்ல மாட்டாங்க."

நானும் அதையே வேண்டிக்கொள்கிறேன் என்று எழுதினால் அம்மா ஆச்சரியப்படுவாள். இருந்தாலும் எழுதுகிறேன். ஆச்சரியப்பட்டாள்.

தம்பி

---

ஜூன் 17

அன்புள்ள அம்மாவுக்கும் தம்பிக்கும்,

நலம். தள்ளுபடி ஆகிவிட்டது, அம்மா. கேட்டது கேட்டபடி. உன் வேண்டுதல்தான். இன்று இதற்கு மேல் எழுத ஓடவில்லை.

அக்கா

---

ஜூன் 17, அலுவலக முகவரிக்கு

தம்பி,

உண்மைதான். மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். வக்கீலம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சட்டப்படி நான் இன்னும் ஒருவருக்கு மனைவி.

வெளியே மழை. வாசலில் ஒரே கூரை, அவரும் அங்கேதான் நின்றார். இளைத்திருக்கிறார். சட்டை நன்றாக இஸ்திரி போட்டிருந்தது. கோபமே இல்லாமல் கேட்டார், கடையில் ஒரு பொருளைத் திருப்பிப் பார்த்துக் கேட்பதுபோல: "ஜெயிச்சுட்டே. இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

"வீட்டுக்கு வாங்க," என்றேன். அத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததில் அந்த இரண்டு வார்த்தைதான் வாயில் வந்தது.

அவர் ஒரு ஆட்டோவை நிறுத்தினார். நான் ஏறினேன். ஓட்டுநருக்கு வழி சொன்னார். பெட்ரோல் பங்க் தாண்டி இடது கை, பள்ளிக்கூடச் சுவர் முடிகிற இடத்தில் வலது, பள்ளம் இருக்கும் மெதுவாகப் போங்கள், பச்சைக் கேட். ஒரு திருப்பம்கூட விடவில்லை. நம் வீட்டுக்கு வழியை யாரும் இவ்வளவு அழகாகச் சொல்லிக் கேட்டதில்லை. நான் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டேன்.

அவர் ஏறவில்லை.

அக்கா

---

ஜூலை 1, அலுவலகத்திலிருந்து

அக்கா,

என்ன எழுதுவது என்று தெரியாமல் நாட்களைக் கடத்திவிட்டேன். எனக்குத் தொழிலே சொற்கள் என்று பீற்றிக்கொள்வேன். கேட்கும்போதுதான் கடை காலியாக இருக்கிறது.

அம்மாவின் கண் ஆறிவிட்டது, இனி பயமில்லை என்கிறார் டாக்டர். அம்மா குதூகலமாக இருக்கிறாள். கீழ் வீட்டு அம்மாளிடம், மாடி வீட்டுக்காரரிடம், சொட்டு மருந்து விற்கும் கடைக்காரரிடம்கூட, "என் பொண்ணுக்குப் பெரிய தள்ளுபடி கிடைச்சிருக்கு" என்று சொல்லியாகிவிட்டது. அவர்களும் வாழ்த்தினார்கள். நான் பக்கத்தில் நின்று நன்றி சொன்னேன்.

அத்தானிடமிருந்து ஏதாவது? நான் புறப்பட்டு வரட்டுமா?

தம்பி

---

ஜூலை 28

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை வீட்டுக்கே அனுப்புகிறேன். கண் ஆறிவிட்டது, இனி பயமில்லை என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். அம்மாவை உட்காரவைத்து வாசி. எதையும் விடாதே.

அம்மா, உன் மாப்பிள்ளை ஜனவரியிலிருந்து இந்த வீட்டில் இல்லை. பிரிந்துபோக மனு போட்டார். நான் சம்மதிக்கவில்லை. தள்ளுபடி ஆனது அந்த மனுதான். உன்னை ஏமாற்றி வேண்டிக்கொள்ள வைத்தேன். அது பலித்தது. அவர் வருவார் என்று இருந்தேன்.

சென்ற வாரம் கடைக்கு ஒரு ஆர்டர் வந்தது. பெயர் அவருடையது. முகவரி எனக்குத் தெரியாதது. வேறு கடைத் தலையணையில் தூக்கம் வரவில்லை என்று குறிப்பு எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்தது என்று சொன்னால் சிரிப்பாய். திரும்பி வரும் மனிதர் முதலில் தலையணைக்குச் சொல்லி அனுப்புகிறார் என்றுதான் நினைத்தேன்.

பிறகு எண்ணிக்கையைப் பார்த்தேன். இரண்டு.

நம் கடைக் கேள்விகளை நான்தான் யோசித்து வைத்தேன். அவர் ஒன்றுக்கும் பொய் சொல்லவில்லை. முதல் தலையணை: மல்லாந்து படுப்பவர், கெட்டியாக. அது எனக்குத் தெரியும். இரண்டாவது: ஒருக்களித்து, இடது பக்கம், மெதுவாக, உயரம் குறைவாக. உயரம் குறைவு என்றால் தோள் சிறியது. நீதிபதியிடம் யாரும் இல்லை என்றார். என்னிடமும் சொன்னார். தலையணைக் கடையில் பொய் சொன்னால் கழுத்து வலிக்கும் என்று தெரிந்தவர், கடையில் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டார்.

இரண்டு எடுத்ததால் விலை தானாகக் குறைந்திருந்தது. நீங்கள் எழுதிய வாசகமும் அவருக்குப் போயிருக்கும். ஒரு முகவரிக்கு மட்டும் தள்ளுபடியை நிறுத்த வழி இருக்கிறதா என்று உன்னைக் கேட்க உட்கார்ந்தேன், தம்பி. எழுத ஆரம்பித்து விட்டுவிட்டேன். இரண்டு வாங்குகிறவர்களுக்கு என்று சொன்னோம். அவர்கள் இரண்டு பேர்தான்.

இரண்டையும் நானே தைத்தேன். சின்னதற்குப் பஞ்சை மூன்று தடவை மாற்றினேன். மெதுவாக என்று கேட்டிருந்தால் மெதுவாக இருக்க வேண்டும். பிறகு வக்கீலம்மாவிடம் போய், அவர் கேட்டதற்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன். "ஜெயிச்ச கேஸை யாராவது கொண்டுபோய்த் தோத்துக் குடுப்பாங்களாம்மா?" என்றார். சேர்ந்து போடும் மனு என்பதால் இது தள்ளுபடி ஆகாதாம்.

எனக்கு உடம்பு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன். தம்பி புறப்பட்டு வர வேண்டாம், அம்மா, அங்கே உன்னைப் பார்க்க ஆள் வேண்டும்.

அக்கா

---

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வாசித்தேன். எதையும் விடவில்லை. இரண்டாம் தடவை வாசிக்கச் சொல்லவில்லை.

அம்மா அழவில்லை. "அன்னிக்கு நான் எல்லார்கிட்டயும் போய்ச் சந்தோஷமாச் சொன்னேனே, அதையும் அவளுக்கு எழுதினியா?" என்று கேட்டாள். எழுதினேன் என்றேன். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து கீழ் வீட்டுக்குப் போனாள். சொன்னதைத் திருத்திச் சொல்லிவிட்டு வந்தாள். நான் துணைக்குப் போகவில்லை, வேண்டாம் என்றாள்.

டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் மட்டும் இல்லை, இரண்டு பேருக்கும். டாக்டரிடம் கேட்டாயிற்று. நாங்கள் வர இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் உனக்கு ஒன்று எழுத வேண்டும் என்கிறாள். இனி வருவது அவள் சொல்லச் சொல்ல எழுதியது.

"கண்ணு, ராத்திரி வாசக் கதவைத் தாழ் போட்டுட்டுப் படு. இத்தனை மாசமா நீ போட்டிருக்க மாட்டே. அவர் வந்தா தட்டணுமேன்னு சும்மா சாத்தி வச்சிருப்பே. எனக்குத் தெரியும். இன்னிக்குப் போட்டுக்கோ. நாங்க வந்தா தட்டுவோம்."

தம்பி